எண் உள்ள ரிமோட்

கேபிள் செல்வின் பதினொரு மணிக்கு வந்து பெட்டியைக் கழற்றிக்கொண்டு போவதாகச் சொல்லியிருந்தான். இப்போது பத்து பத்து. இந்திராணி கூடத்துத் தரையில் பழைய செய்தித்தாளை விரித்துப் போட்டு முருங்கைக்கீரை உருவ உட்கார்ந்தாள். ஐம்பது நிமிஷம் இருக்கிறது, ஒரு கட்டுக் கீரைக்கு அது தாராளம், வேகமாக உருவினால் அரை மணியில் முடிந்துவிடும், முடிந்துவிட்டால் மிச்ச நேரத்துக்குக் கையை என்ன செய்வது என்று நினைத்து மெதுவாகவே உருவினாள். கட்டிலில் முதுகுக்கு இரண்டு தலையணை வைத்து அவள் கணவர் ஆவுடையப்பன் சாய்ந்திருந்தார். வலது கை மடியில் யாரோ வைத்துவிட்டுப் போனது மாதிரிக் கிடந்தது. இடது கையில் ரிமோட். கேபிள் பெட்டியின் கறுப்பு ரிமோட், மூன்றும் ஏழும் தேய்ந்து அழிந்தது, பாட்டரி மூடி தொலைந்துபோய் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியது. டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது, எங்கோ அணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தார். சத்தம் குறைந்திருந்தால் இப்போதைக்கு ஒன்றும் வேண்டாம் என்று அர்த்தம். அர்த்தம் என்று அவள்தான் வைத்துக்கொண்டிருக்கிறாள். அவர் வைத்தாரா, அவள் வைத்தாளா என்கிற இடத்துக்கு வந்ததும் நினைப்பு வழக்கம்போல நின்றது. கீரையில் ஒரு காம்பு வராமல் முரண்டு பிடித்தது. அதை ஒடித்துப் போட்டாள்.

பெட்டியைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது மகள் கோமதிதான். போன ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரிலிருந்து மருமகனோடு வந்து இந்தப் பெரிய டிவியைச் சுவரில் மாட்டி, பழைய பெட்டியையும் இப்போதைக்கு அதிலேயே செருகிவிட்டுப் போனாள். ஆசையாக வாங்கி வந்தாள், அப்பா படுத்தே கிடக்கிறார், நல்லதாக ஒன்று பார்க்கட்டும் என்று. ராஜபாளையம் முழுக்க இப்போது வீட்டுக்கு வீடு நெட் ஒயர் வந்துவிட்டது, அந்த ஒயரையும் செல்வின்தான் இழுத்தான். "ரெண்டு இடத்துல ஏம்மா கட்டணும்? கேபிள் நீ சேரும்போது நூத்தம்பது, இப்ப முந்நூத்தி எண்பது. நெட்டுலயே எல்லாச் சேனலும் வருது, படம் வருது, நேத்து விட்ட சீரியலை இன்னைக்குப் பாத்துக்கிடலாம். மாசாமாசம் நானே இங்கருந்து கட்டிருதேன்" என்றாள் கோமதி. அவள் சொன்னதில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. டிவியோடு வந்த ரிமோட் வெள்ளையாக, சோப்புக்கட்டி அளவில், வழுவழுவென்று இருந்தது. அதில் எண்களே இல்லை. நடுவில் ஒரு வட்டம், மேலே போக, கீழே போக, பக்கத்தில் போக, பிறகு சரி என்று அமுக்க. ஒரு சேனலுக்குப் போக ஏழெட்டுத் தடவை அமுக்க வேண்டியிருந்தது. அதற்கு முன்னால் அந்த டிவி ஒவ்வொரு தடவையும் 'யார் பார்க்கிறீர்கள்?' என்று கேட்டது. கீழே நாலு பொம்மை முகம். கோமதி ஒன்று, மருமகன் ஒன்று, பேத்தி யாழினி ஒன்று, நாலாவதில் 'அப்பா அம்மா' என்று இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே முகம், மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு ஆந்தை. கோமதி அப்பாவின் இடது கையில் வெள்ளை ரிமோட்டைக் கொடுத்து, அவர் கட்டைவிரலைப் பிடித்து வட்டத்தின் மேல் வைத்து, "இப்படிப்பா, இப்படி" என்று காட்டினாள். அவர் அதைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தார். பிறகு போர்வை மேல் வைத்துவிட்டார். வீசவில்லை, தள்ளவில்லை, மெதுவாக வைத்தார், மில்லில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர், வேண்டாத சாமானைத் திருப்பி அலமாரியில் வைக்கிற மாதிரி. கோமதி சிரித்துக்கொண்டே, "பழகிருவாரும்மா" என்றாள். இந்திராணி அப்போதே சொல்லியிருக்கலாம். மருமகன் இருந்தார், ஏணி மேல் நின்றுகொண்டிருந்தார், அவர் இறங்கட்டும் என்று நினைத்தாள், இறங்கியதும் காபி போடப் போய்விட்டாள்.

சொல்வது என்றால் எங்கே தொடங்குவது. பதினாலு மாசத்துக்கு முன்னால் ஒரு காலை, சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே இருந்தவர் அப்படியே சுவரோடு சரிந்தார். வலது பக்கம் போயிற்று, பேச்சு போயிற்று. ஒரே ஒரு வார்த்தை மட்டும் மிஞ்சியது. "பாக்கலாம்." வீட்டுக்கு வெள்ளையடிக்கலாமா என்றாலும் பாக்கலாம், திருச்செந்தூர் போவோமா என்றாலும் பாக்கலாம், முப்பத்துநாலு வருஷம் எதைக் கேட்டாலும் அவர் சொன்ன வார்த்தை. அதை மட்டும் விட்டுவைத்து மற்றதையெல்லாம் பக்கவாதம் எடுத்துக்கொண்டு போய்விட்டது. மதுரையில் பேச்சுப் பயிற்சிக்கு ஒரு பெண் படம் போட்ட அட்டைகளை அவர் முன்னால் பரப்பினாள். தம்ளர், சோறு, கட்டில், செருப்பு. வேண்டியதைத் தொட்டுக் காட்டுங்க ஐயா. அவர் அட்டைகளைச் சேர்த்து அடுக்கி அவளிடமே கொடுத்துவிட்டு, "பாக்கலாம்" என்றார். எவ்வளவு புரிகிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாதும்மா, சிலருக்கு நிறையப் புரியும், சிலருக்கு ரொம்பக் குறைவு என்றார் டாக்டர். அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்தார்கள். வீட்டுக்கு வந்து இரண்டு மாசம் கழித்து ஒரு மத்தியானம், இந்திராணி கொல்லையில் பக்கத்து வீட்டுக்காரியோடு பேசிக்கொண்டு நின்றதில் மணி இரண்டாகிவிட்டது. உள்ளே டிவி சத்தம் கூடிக்கொண்டே போனது. என்னவோ என்று ஓடிவந்து பார்த்தால் முந்நூற்று நாற்பது. சமையல் சேனல். ஒரு அம்மாள் குழம்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள், கடுகு வெடிப்பது தெருவுக்குக் கேட்கும்போல இருந்தது. அவர் டிவியைப் பார்க்கவில்லை, வாசற்படியைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவளை. சோறு போட்டாள். சாப்பிட்டு முடித்ததும் செய்திக்கு மாற்றினார், நூற்றுப் பதினெட்டு. தற்செயல் என்றுதான் நினைத்தாள். ஆனால் அதற்கப்புறம் கவனிக்கத் தொடங்கினாள். வெயிலில் ஃபேன் போதாமல் புழுங்கினால் ஐந்நூற்றுப் பன்னிரண்டு, விலங்குகள் சேனல், அங்கே பனிக்கட்டி மேல் கரடி நடக்கும் நேரமாக இருந்தால் அதிலேயே நிற்பார், இல்லையென்றால் போய்ப்போய்த் திரும்பி வருவார். அவர் தம்பி ஒருநாள் வந்து உட்கார்ந்து, ஊர் நிலத்தைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசியபோது, எட்டுப் பேர் ஒரே சமயத்தில் கத்தும் விவாதச் சேனலை வைத்துச் சத்தத்தைக் கூட்டினார், கூட்டிக்கொண்டே போனார், தம்பி எழுந்து போய்ச் செருப்பு மாட்டியதும் டிவியையே அணைத்துவிட்டார். அன்றைக்கு இந்திராணி அடுப்படிக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எத்தனை நாளைக்கப்புறம் சிரித்தாள். திரும்பி வந்து பார்த்தால் அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லையா, இருந்ததா, வாயின் இடது ஓரம் மட்டும் லேசாக, அந்தப் பக்கம்தானே அசையும்.

அங்கேதான் பயம். அவர் பேசாதவர். நல்ல மனிதர், குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், சம்பளக் கவரைப் பிரிக்காமல் கொண்டுவந்து கொடுப்பார், ஆனால் பேச மாட்டார். கல்யாணமான புதிதில் அவள் தினமும் சாயங்காலம் இன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்பாள், மில்லுல என்ன நடக்கும் என்பார், அத்தோடு சரி. கோமதி பிறந்தபோது ஆஸ்பத்திரியில் எட்டிப் பார்த்துவிட்டு, பொண்ணுக்கு முடி நிறைய இருக்கு என்றார், அது அவர் பேசியதிலேயே பெரிய பேச்சு. முப்பத்துநாலு வருஷத்தில் சொன்னதைவிட இந்தப் பதினாலு மாசத்தில் அதிகமாகச் சொல்லியிருக்கிறார், ரிமோட்டால். அது எப்படி? வாய் இருந்தபோது பேசாத ஆள் வாய் போனபிறகு ஏன் பேசப் போகிறார்? அப்படியென்றால் பேசுவது அவர் இல்லை. நான்தான். என் தனிமைக்கு நானே ஒரு ஆளைச் செய்து கட்டிலில் உட்காரவைத்து அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறேனோ. ஒருநாள் சோதித்தும் பார்த்தாள். வேண்டுமென்றே சோறு போடாமல் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள், மணி ஒன்று, ஒன்றரை, இரண்டு. இரண்டேகாலுக்கு அவர் விலங்குகள் சேனலை வைத்தார். ஒரு சிங்கம் மானை இழுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. இது பசியா, சிங்கமா? முந்நூற்று நாற்பது எங்கே போயிற்று? அவளுக்கு வெட்கமாகிவிட்டது, எழுந்து போய்ச் சோறு எடுத்து வந்து ஊட்டினாள், மன்னிச்சிருங்க என்றுகூடச் சொன்னாள், அவர் வழக்கம்போல மென்றார். இந்தப் புது டிவியும் இதைத்தான் செய்கிறது. திங்கட்கிழமை மருமகன் போனில் சொல்லச் சொல்ல இவள் எதையோ அமுக்கப்போக ஒரு கொரியப் படம் ஓடியது, பத்து நிமிஷம் நிறுத்தத் தெரியாமல் ஓடியது. அன்றிலிருந்து 'அப்பா அம்மாவுக்காக' என்று தலைப்புப் போட்டு வரிசை வரிசையாகக் கொரியப் படங்கள். உங்களுக்கு இது பிடிக்கும் என்று அதுவே முடிவு செய்துவிட்டது. பத்து நிமிஷத்தைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கிற டிவிக்கும், ஒரு தாளிப்புச் சத்தத்தைப் பார்த்துப் புருஷனைக் கண்டுபிடித்த தனக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதும் கை நின்றது. கீரை பாதிதான் ஆகியிருந்தது. பத்து முப்பத்தைந்து.

அதிலும் அந்த இருநூற்றுப் பதினாலு. அதை அவள் அடிக்கடி எடுத்துப் பார்க்க மாட்டாள், தேய்ந்துவிடும் என்கிற மாதிரி. மார்கழியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு சாயங்காலம் கட்டிலுக்குக் கீழே பாயை விரித்துச் சுருண்டு கிடந்தாள், அவருக்குக் கஞ்சி வைக்கக்கூட எழுந்திருக்க முடியவில்லை. மேலே டிவி ஓடிக்கொண்டிருந்தது, செய்தி. திடீரென்று பாட்டு. பழைய பாட்டுச் சேனல், மெதுவாக, தூங்குகிறவளை எழுப்பாத அளவுச் சத்தத்தில். அவருக்குப் பாட்டே ஆகாது, அடுப்படியில் அவள் ரேடியோ வைத்தால் தலைவலி என்று நிறுத்தச் சொல்கிறவர். ஒரு மணி நேரம் மாற்றாமல் வைத்திருந்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள், காய்ச்சலோடு, இவ்வளவு நன்றாக இருந்த சாயங்காலம் எது என்று யோசித்துப் பார்த்தாள். அதன்பிறகு ஐந்தாறு தடவை வந்திருக்கிறது இருநூற்றுப் பதினாலு, அவள் களைத்து உட்கார்ந்த சமயங்களில். பக்கத்திலேயே இருநூற்றுப் பதினைந்து வியாபாரச் செய்தி. விரல் ஒரு பொத்தான் தவறினால் போதும். பெட்டி போய்விட்டால் இந்தக் கேள்வியும் போய்விடும். பாட்டு அவர் வைத்ததா, விரல் வைத்ததா என்று இனிமேல் யாரும் நிரூபிக்க முடியாது, அவளுக்கு வேண்டியதை அவள் வைத்துக்கொள்ளலாம். இதற்காகத்தான் கோமதியிடம் வாயைத் திறக்கவில்லையா? சிரிப்பாள் என்பதற்காக மட்டும் இல்லையா? அப்படி நினைத்தபோது தன்னைப் பற்றியே அவளுக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. கடைசிக் காம்பை உருவிவிட்டு, உருவிய இலையைத் திரும்பவும் கையால் அலசி, இல்லாத பழுப்பு இலைகளைத் தேடிக்கொண்டிருந்தாள்.

வாசலில் பைக் நின்றது. "அக்கா" என்று குரல் கொடுத்துக்கொண்டே செல்வின் உள்ளே வந்தான். தோள்பையைக் கீழே வைத்தான், அதற்குள் ஏற்கெனவே நாலைந்து பெட்டிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

"உங்க தெருவுல இது மூணாவதுக்கா."

"உனக்கு நஷ்டம்தானே செல்வின்?"

"அப்படியும் சொல்ல முடியாது. நெட்டும் நாந்தானே குடுக்கேன். ஒயர் மாறுது, வீடு அதேதான்." கட்டிலைப் பார்த்து, "அண்ணாச்சி, நல்லாருக்கீங்களா?" என்று கொஞ்சம் சத்தமாகக் கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் டிவிக்குக் கீழே குனிந்தான். பெட்டியின் பின்னால் கையை விட்டான். படம் ஒரு தடவை நடுங்கியது.

"இரு செல்வின்" என்றாள் இந்திராணி. சொல்வோம் என்று அவள் நினைத்திருக்கவில்லை. "இதை வச்சுக்கிட்டா என்ன?"

"நல்லா வச்சுக்கிடலாம். மகள்தான் கேன்சல்னு சொன்னாங்க."

"முந்நூத்தி எண்பது இல்லாம, குறைச்சலா ஒண்ணும் கிடையாதா?"

"இருக்கு. இலவசச் சேனல் மட்டும் வச்சிட்டு, காசு சேனல்ல உங்களுக்கு எது வேணுமோ அதை மட்டும் தனித்தனியா எடுத்துக்கிடலாம். ஒண்ணொண்ணுக்கும் ஒரு ரேட்டு. கூட்டிப் பாத்தா இருநூறுக்குள்ள வரும்."

"இத்தனை வருஷமா இதைச் சொல்லவே இல்லையே."

"யாருக்கா கேட்டா? மொத்தமா பேக்கேஜ்னா எனக்கும் போன்ல ஒரு தட்டுல முடிஞ்சிரும்." அவன் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து போனை எடுத்தான். "சொல்லுங்க, எதெல்லாம் வேணும்?"

அவள் வாயைத் திறந்தாள். அவளுக்கு எல்லாம் மனப்பாடம், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். நூற்றுப் பதினெட்டு, முந்நூற்று நாற்பது, ஐந்நூற்றுப் பன்னிரண்டு, சொல்லிக்கொண்டே போய் நடுவில் இருநூற்றுப் பதினாலையும் சேர்த்துச் சொல்லிவிடலாம், யாருக்குத் தெரியப் போகிறது. அப்படிச் சொன்னால் அது யாருடைய பட்டியல்? பதினாலு மாசமாக இந்த வீட்டில் எல்லோரும் அவரைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள், சாப்பிட்டாரா, தூங்கினாரா, வெளிக்கிப் போனாரா. அவரை ஒருவரும் ஒன்றும் கேட்டதில்லை. அவளும் கேட்டதில்லை, அவரைப் படித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"அவர்ட்ட கேளு" என்றாள்.

செல்வின் அவளைப் பார்த்தான். பிறகு எழுந்து கட்டிலருகே போய், காது கேளாதவரிடம் பேசுவது போல, "அண்ணாச்சி, எந்தெந்தச் சேனல் வேணும்" என்று கத்தினான்.

"மெதுவாச் சொல்லு. காது நல்லாத்தான் கேக்குது."

ஆவுடையப்பன் செல்வினைப் பார்த்தார். அவன் கையிலிருந்த போனைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்த மாதிரி இருந்தது. இந்திராணி கீரைத் தாளின் ஓரத்தை மடித்துக்கொண்டே இருந்தாள். இப்போது அவர் சும்மா இருந்துவிட்டால். சிங்கத்தை வைத்த மாதிரி ஏதாவது ஒன்றை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டால். கட்டைவிரல் நகர்ந்தது. ஒன்று, ஒன்று, எட்டு. செய்தி. அவர் டிவியைப் பார்க்கவில்லை, செல்வினின் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் அந்த எண்ணைப் போனில் ஏற்றி முடிக்கிறவரை காத்திருந்தார். மில்லில் சாமான் ஒவ்வொன்றாகச் சொல்லி, எதிரே இருப்பவன் எழுதிவிட்டானா என்று பார்த்து, பிறகு அடுத்ததற்குப் போகிறவர் அப்படித்தான் காத்திருந்திருப்பார். அவன் விரல் நின்றதும் அடுத்தது. முந்நூற்று நாற்பது. காத்திருந்தார். ஐந்நூற்றுப் பன்னிரண்டு. விவாதச் சேனல். அதைக் கண்டதும் இந்திராணிக்குச் சிரிப்பு வந்தது, கண்ணிலும் தண்ணீர் வந்தது, இரண்டையும் முந்தானையால் துடைத்தாள். ஐந்தாவதாக அவள் இதுவரை கணக்கில் வைத்திராத ஒன்று, அறுநூற்று ஏழு, ஒரு பொம்மைப் படச் சேனல். அதோடு ரிமோட்டை மடியில் வைத்துவிட்டார்.

"அண்ணாச்சிக்கு எல்லாம் வெளங்குதே" என்றான் செல்வின், மெதுவான குரலில். "அவ்வளவுதானா அண்ணாச்சி?"

"பாக்கலாம்" என்றார்.

பாட்டு இல்லை. அவள் உள்ளுக்குள் நாலைந்து காரணங்கள் வரிசையாக வந்து நின்றன. மறந்திருப்பார், அது இலவசச் சேனல் என்று நினைத்திருப்பார், களைத்திருப்பார். அவள் அவற்றில் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. எதிரே இருப்பவன் எழுதி முடிக்கட்டும் என்று காத்திருக்கத் தெரிந்தவருக்கு எதை விடுவது என்றும் தெரிந்திருக்கும். மார்கழிச் சாயங்காலம் விரல் தவறியதாகவே இருக்கட்டும். அது வலிக்கும் என்று நினைத்திருந்தாள். வலித்தது, கொஞ்சம்தான். அதைவிடப் பெரியதாக ஒன்று அந்தக் கூடத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. இத்தனை நாளும் கட்டிலில் இருந்தது அவள் செய்த ஆள் இல்லை. அவரேதான், பாட்டுப் பிடிக்காத அதே மனிதர்.

"இன்னொண்ணு போட்டுக்கோ செல்வின். இருநூத்திப் பதினாலு."

"பாட்டா? அண்ணாச்சி கேக்கலையே."

"எனக்கு."

ஆவுடையப்பன் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். பிறகு மடியிலிருந்த ரிமோட்டை எடுத்து அவள் பக்கமாக நீட்டினார். குளிப்பாட்டும்போதுகூடத் தலையணைக்கடியில் இருக்கவேண்டும் அவருக்கு அந்த ரிமோட். அவள் கீரைப் பச்சை ஒட்டிய விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். எண்களைத் தேடி அமுக்கினாள். பாட்டு வந்தது. பாதியிலிருந்து, யாரோ ஒருத்தி பாடிக்கொண்டிருந்தாள். அது முடிகிறவரை அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டார்.

செல்வின் போன பிறகு கோமதி கூப்பிட்டாள். "பெட்டியை எடுத்துட்டானாம்மா?"

"இல்ல. இருக்கட்டும்னு சொல்லிட்டேன்."

"ஏம்மா, அவ்வளவு சொல்லி..."

"உங்கப்பா அதுலதான் பேசுறாரு கோமு."

மறுமுனையில் ஆபீஸ் சத்தம் விலகியது, கோமதி வெளியே வந்திருந்தாள். இந்திராணி சொன்னாள். தாளிப்புச் சத்தத்தை, சித்தப்பாவை விரட்டியதை, பனிக்கரடியை, இன்றைக்கு ஒவ்வொன்றாக அமுக்கிக் காத்திருந்ததை. பதினாலு மாசம் ஏழெட்டு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. "சிலது நானா நெனச்சுக்கிட்டதுதான். இன்னைக்குத் தெரிஞ்சுது. ஆனா எல்லாம் இல்லடி."

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"நீ சிரிப்பேன்னு நெனச்சேன்."

"சிரிக்கலம்மா." கோமதி மூக்கை உறிஞ்சினாள். "இப்ப என்ன சொல்லுறாரு?"

அவர் ரிமோட்டைத் திரும்ப வாங்கி வைத்திருந்தார். டிவியில் ஒரு பச்சை யானைக்குட்டி குடையைப் பிடித்துக்கொண்டு மழையில் குதித்துக்கொண்டிருந்தது. "தெரியல. அறுநூத்தி ஏழு. பொம்மைப் படம். இது எனக்குப் புரியல."

"யானைக்குட்டியா? பச்சையா?"

"ஆமா."

"போன லீவுக்கு வந்திருந்தப்ப நீயும் நானும் அடுப்படியில நின்னோம்ல, அப்பெல்லாம் யாழினி தாத்தா பக்கத்துல ஏறி உக்காந்துக்கிட்டு அதைத்தாம்மா பாத்துட்டு இருந்தா. அவ கேக்கக் கேக்க அப்பா வச்சுக் குடுத்திருக்காரு."

இந்திராணி கட்டிலைப் பார்த்தாள். யானைக்குட்டி குடையை விட்டுவிட்டது, காற்று அதைத் தூக்கிக்கொண்டு போனது.

"ஸ்கூல்ல இருந்து நாலு மணிக்கு வந்துருவா. வீடியோவுல கூப்பிடச் சொல்லட்டுமா?"

"சொல்லு. போனை அப்பா மூஞ்சிக்கு நேரா பிடிக்கமாட்டேன். டிவி பக்கம் திருப்பி வைக்கேன்."

போனை வைத்துவிட்டு அவள் கட்டிலருகே வந்தாள். "நாலு மணிக்கு யாழினி கூப்பிடுவா" என்றாள்.

அவர் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.